ரேடியேட்டரைப் பெருசு பண்ணாதீங்க சாமி!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் சூடான பதிவும்கூட. பாதி சூடு இன்ஜினோடது, மீதி என்னோடது. ஏரோப்ளேன் பக்கமே தலை வச்சுப் படுக்காதவங்களும் தாராளமாப் படிக்கலாம். கணக்கெல்லாம் பத்தாங்கிளாஸ் லெவலைத் தாண்டாது.

"ரோட்டரி இன்ஜின்னாலே சூடாகும்பா."

இந்த ஒத்தை வரியை எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கில்லை. சொல்றவங்க யாரும் அதோட நிறுத்தறதும் இல்லை. அடுத்த வரி தயாரா இருக்கும்: "பெரிய ரேடியேட்டரா போட்டுருங்க, சரியாப் போயிரும்." முதல் வரி பாதி உண்மை. ரெண்டாவது வரி இருக்கே... அது காசைக் கரியாக்கி, எடையைக் கூட்டி, கடைசியில ஆளையும் ஒரு நாள் சோளக்காட்டுல இறக்கி விட்டுரும். அதைத்தான் இன்னிக்கு உரிச்சுத் தொங்கப்போடப் போறேன்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. நான் இருக்கறது டெக்சாஸ்ல. வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி புடுங்கறேன். சனிக்கிழமையானா கோவில்பட்டி அண்ணாச்சியோட ஹேங்கர்தான் கதி. அண்ணாச்சி ஆறு வருஷமா ஒரு ரெண்டு சீட்டு ப்ளேனைத் தன் கையாலயே கட்டிக்கிட்டிருக்கார். அமெரிக்காவுல இது சட்டப்படி நடக்கற சங்கதி. பாதிக்கு மேல வேலையை உங்க கையால, பொழுதுபோக்காவோ படிப்புக்காகவோ செஞ்சீங்கன்னா 'எக்ஸ்பெரிமென்டல்' வகையில பதிவு பண்ணிப் பறக்கலாம். ஏரோப்ளேனுக்குன்னே செய்யற புது இன்ஜின் பல பத்தாயிரம் டாலர். அண்ணாச்சி போட்டிருக்கறது மஸ்டா காரோட 13பி ரோட்டரி இன்ஜின்.

ரோட்டரின்னா தெரியாதவங்களுக்கு: இதுல பிஸ்டன் மேலயும் கீழயும் குதிக்காது. வால்வு கிடையாது. பக்கம் புடைச்ச ஒரு முக்கோணம், இடுப்பு ஒடுங்கின ஒரு கூட்டுக்குள்ள சுத்தும், அவ்வளவுதான். ஃபெலிக்ஸ் வாங்கல்ங்கற ஜெர்மன்காரர் யோசிச்சது. 1957ல என்.எஸ்.யு. கம்பெனியில முதல் தடவை ஓடிச்சு. மஸ்டா 1967ல காஸ்மோ ஸ்போர்ட்ல போட்டு, அப்புறம் ஆர்எக்ஸ்-7, 2012 வரைக்கும் ஆர்எக்ஸ்-8ன்னு விடாப்பிடியா ஓட்டிக் காட்டுச்சு. 1991ல லு மான் 24 மணி நேர ரேஸையே ஒரு நாலு ரோட்டர் மஸ்டா ஜெயிச்சிருக்கு. 13பியில ரெண்டு ரோட்டர், ஒவ்வொண்ணும் 654 சிசி. குட்டி, கனம் கம்மி, ஓடற பாகங்க ரொம்பக் குறைச்சல். ஏரோப்ளேன்காரங்க இதைப் பார்த்து ஜொள்ளு விடறதுல ஆச்சரியமே இல்லை.

இப்ப "சூடாகும்" மேட்டருக்கு வருவோம். அதுல உண்மை இருக்கற பாதியை முதல்ல சொல்லிடறேன். பிஸ்டன் இன்ஜின்ல எரியற அதே இடத்துக்கு அடுத்த சுத்துல குளிர்ந்த காத்து வரும். ரோட்டரியில அப்படி இல்லை. கூட்டோட ஒரு பக்கம் எப்பவும் அடுப்பு, இன்னொரு பக்கம் எப்பவும் காத்து உள்ள வர்ற வாசல். அடுப்புப் பக்கத்துல தண்ணி ஒழுங்கா ஓடலைன்னா அலுமினியக் கூடு கோணிக்கும். அதுக்கு நடுவுல இருக்கற கூலன்ட் சீல் போயிடும். சீல் போச்சுன்னா இன்ஜினை முழுசாப் பிரிக்கணும். இன்னொண்ணு, சுத்தற ரோட்டரை உள்ளிருந்து குளிர வைக்கறது தண்ணி இல்லை, ஆயில். அதனால இறக்கி வைக்க வேண்டிய மொத்தச் சூட்டுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஆயில் வழியாத்தான் வெளிய போகணும். காருக்கு ஆயில் கூலர் ஆடம்பரம்னு நினைக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

ஆக, இந்த இன்ஜின் அதிகச் சூட்டை மன்னிக்காது. ஆனா அது தண்ணிக்கும் ஆயிலுக்கும் குடுக்கற சூடு ஏதோ உலகத்துல இல்லாத அளவு ஒண்ணும் கிடையாது. 160 குதிரைத்திறன்ல ஓடும்போது தோராயமா 100 கிலோவாட்னு வச்சுக்குங்க. நம்ம ஊர் ஆயிரம் வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி நூறை மூக்குக்குள்ள வச்சு ஆன் பண்ணின மாதிரி. பெரிய சூடுதான், ஆனா கணக்குப் போட முடிஞ்ச சூடு. 100 கிலோவாட்டைக் காத்துல இறக்கணும், காத்து 40 டிகிரி சூடாகட்டும்னு விட்டா, விநாடிக்கு ரெண்டரைக் கிலோ காத்து வேணும். கன அளவுல ரெண்டாயிரம் லிட்டருக்கும் மேல. மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி ரெண்டு, ஒவ்வொரு விநாடியும்.

இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. சூட்டை வெளிய கொண்டு போறது ரேடியேட்டர் இல்லை சாமி, காத்து! ரேடியேட்டர் வெறும் தரகர். கல்யாணத்துக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வரலைன்னா, தரகரை இன்னும் குண்டாக்கி என்ன பிரயோஜனம்?

"கார்ல இதே இன்ஜின் இத்தனூண்டு ரேடியேட்டரோட நல்லாத்தானே ஓடுது?"ன்னு அடுத்த கேள்வி வரும். ஓடும். ஏன்னா கார்ல நீங்க அதை முழு மூச்சுல ஓட்டறது சில விநாடிதான். நெடுஞ்சாலையில நிதானமாப் போற காருக்கு இருபது முப்பது குதிரைத்திறன் போதும். ப்ளேன்ல கதை நேர் எதிர். தரையை விட்டுக் கிளம்பினா முழுத் திறந்த த்ராட்டில்ல நிமிஷக் கணக்கா ஏறணும். அப்புறமும் மணிக்கணக்கா அறுபது, எழுபது சதவீதத்துல போகணும். ட்ரங்க் ரோட்ல முழு லோடோட நாள்பூரா மலை ஏறற லாரின்னு நினைச்சுக்குங்க.

அதுலயும் ஒரு கொடுமை இருக்கு. மேல ஏறும்போதுதான் சூடு அதிகம், அப்பதான் வேகம் கம்மி. காத்தை ரேடியேட்டருக்குள்ள தள்ளற அழுத்தம் வேகத்தோட இருமடிக்குப் போகும். 90 நாட்ல ஏறும்போது அந்த அழுத்தம் தண்ணி அளவுல சொன்னா 12 சென்டிமீட்டர். 170 நாட்ல நேரா பறக்கும்போது 44 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட மூணரை மடங்கு வித்தியாசம். அதாவது, சூடு உச்சத்துல இருக்கற நேரத்துல உங்க கையில இருக்கற மொத்த முதலே 12 சென்டிமீட்டர்தான். அதுக்குள்ளதான் குழாய் வளைவு, ஓட்டை ஒழுகல், ரேடியேட்டர் தடுக்கறது, கடைசியா வெளிய போற வழி எல்லாத்துக்கும் செலவு பண்ணணும். சம்பளம் பன்னெண்டாயிரம்னா அதுக்குத் தகுந்த மாதிரிதானே குடும்பம் நடத்துவோம்?

இப்ப சொல்லுங்க, அந்த மூக்குக்குள்ள பெரிய ரேடியேட்டரை வச்சா என்ன ஆகும்? தடிமனானதா வாங்கினா தடுப்பு கூடும், இருக்கற 12ல உள்ள நுழையற காத்து குறையும். அகலமானதா வாங்கினா, சின்ன வாசல்ல நுழையற காத்து அதே கொஞ்ச தூரத்துல இன்னும் அகலமா விரியணும். காத்துக்கு அவ்வளவு சட்டுனு விரியத் தெரியாது. சுவர் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு டிகிரிக்கு மேல சாய்ஞ்சா காத்து சுவரை விட்டுப் பிரிஞ்சு நடுவுல பீய்ச்சிக்கிட்டுப் போகும், ஓரத்துல சுழிச்சுக்கிட்டு நிக்கும். ரேடியேட்டர்ல பாதி சும்மா உக்காந்திருக்கும், வெட்டிச் சம்பளம் வாங்கிக்கிட்டு. ரேடியேட்டரோட தடுப்பே காத்தைக் கொஞ்சம் பரத்தி விடும்ங்கறதை வச்சு, கடைசியில சட்டுனு விரியற மாதிரி வளைவான குழாய் வடிவங்க இருக்கு. க்யூக்மான், வேபர்னு ரெண்டு பேர் 1953லயே புத்தகமாப் போட்டுட்டாங்க. இப்ப வீட்டுல ப்ளேன் கட்டற ரோட்டரிக்காரங்க மத்தியில அந்த வளைவுக்குத் தனி மவுசு. அதைப் படிச்சுட்டு ஃபைபர் கிளாஸ்ல வளைவு செய்யறவங்களுக்கு என் வணக்கம். அதைத் தொடாம பெட்டியை மட்டும் மாத்தறதுக்குப் பேர் சொந்தச் செலவுல சூனியம்.

அடுத்த குரூப், "முன்னாடி வாசலைப் பெருசா வெட்டு" குரூப். கையில கிரைண்டரோடயே பொறந்தவங்க. மேல போட்ட அதே கணக்கை வச்சே பாருங்க. ஏறும்போது விநாடிக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர் வேணும், வேகம் விநாடிக்கு 46 மீட்டர். அப்ப மொத்த வாசல் 500 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா இருந்தாப் போதும். ப்ராப்பெல்லர் தள்ளற காத்து போனஸ். நேரா பறக்கும்போது சூடும் கம்மி, வேகமும் அதிகம், அதனால அதுல மூணுல ஒரு பங்கு போதும். மீதி மூணுல ரெண்டு பங்கும் சும்மா காத்தை அள்ளி உள்ள அடைச்சு வேகத்தைக் குறைக்கற வேலைதான் பாக்கும். இதைச் சமாளிக்க வாசலைத் தொட வேண்டியதில்லை. வெளிய போற பக்கம் ஒரு கதவு வச்சு, ஏறும்போது திறந்து, அப்புறம் மூடணும். காத்துக்கு எஜமான் பின்வாசல்தான். முன்வாசல் வெறும் திண்ணை.

இதெல்லாம் என் சொந்தச் சரக்கு இல்லை. 1935லயே இங்கிலாந்துல ஃபார்ன்பரோவுல மெரிடித்னு ஒருத்தர் எழுதி வச்சுட்டார். ரேடியேட்டரைச் சரியான குழாய்க்குள்ள வச்சு, காத்தை மெதுவாக்கி, சூடேத்தி, பின்னாடி சின்ன வழியா வேகமா விட்டா, ரேடியேட்டரால வர்ற இழுவையில பெரும்பகுதியைத் திரும்ப வசூல் பண்ணலாம்னு. 1940 அக்டோபர்ல முதல்ல பறந்த மஸ்டாங் போர் விமானத்தோட வயித்தைப் பாருங்க. ரேடியேட்டர் வாசல் வயித்தோட ஒட்டாம ஒரு இடைவெளி விட்டுத் தொங்கும். உடம்பை ஒட்டி ஓடற சோம்பேறிக் காத்து உள்ள போகக்கூடாதுன்னுதான் அந்த இடைவெளி. பின்னாடி திறந்து மூடற கதவு. எட்கர் ஷ்மூட் தலைமையில வரைஞ்ச விமானம் அது. அதோட வேகத்துக்கு இறக்கையும் ஒரு காரணம்தான், ரேடியேட்டர் மட்டும்னு நான் சொல்ல வரலை. ஆனா யாரும் அங்க "பெட்டியைப் பெருசு பண்ணு, முடிஞ்சது வேலை"ன்னு போகலை. எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்மாளுங்க இன்னும் கிரைண்டரைக் கீழ வைக்கலை!

அடுத்து தண்ணி ஞானிங்க. "தண்ணி ரொம்ப வேகமா ஓடுது தம்பி, ரேடியேட்டர்ல குளிர நேரமே கிடைக்கலை." அய்யோ சாமி. தண்ணி ஒரே வட்டத்துல திரும்பத் திரும்ப வருது. ரேடியேட்டர்ல நிக்கற நேரம் கம்மின்னா இன்ஜின்ல நிக்கற நேரமும் கம்மி. மெதுவா விட்டா என்ன ஆகும்? ரேடியேட்டரோட முதல் முனை சூடாவும் கடைசி முனை ஜில்லுனும் இருக்கும். சராசரியாப் பார்த்தா ரேடியேட்டர் குளிர்ந்து போயிருக்கும். குளிர்ந்த ரேடியேட்டர் காத்துக்கு என்னத்தைச் சூட்டைக் குடுக்கும்? வேகமா ஓடினா முழு ரேடியேட்டரும் ஒரே சூட்டுல நின்னு வேலை செய்யும். இவங்க பேச்சைக் கேட்டு தண்ணி ஓட்டத்துல வாஷர் வச்சு அடைச்ச ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். கேட்டா, "எங்க மாமா அப்படித்தான் சொன்னார்."

இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கான்: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிரு." நம்ம ஊர்ல பழைய அம்பாசடர்ல மெக்கானிக் முதல்ல பண்ற வேலை அதுதானே! 13பியில அதை அப்படியே பண்ணினா ஆப்புதான். அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வேலை. சூடேறினதும் ரேடியேட்டருக்குப் போற வழியைத் திறக்கும், அதே நேரம் கீழ இருக்கற குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழட்டிட்டு குறுக்கு வழியை அடைக்காம விட்டா, தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பாக்காம இன்ஜினுக்குள்ளயே கிரிவலம் வரும். கழட்டறதுன்னா அந்த ஓட்டையை அடைச்சுட்டுக் கழட்டுங்க.

எல்லாரையும் விட எனக்கு அதிகக் கடுப்பு கிளப்பறது ஜனவரி வீரர்கள்தான். வெளிய 5 டிகிரி. மேல போய்ட்டு வந்து, "கூலன்ட் 80 தாண்டலை, கூலிங் பிரச்சினை தீர்ந்தது"ன்னு ஊருக்கெல்லாம் லட்டு குடுப்பாங்க. காத்து எத்தனை டிகிரி சூடோ, அந்த அளவுக்கு தண்ணியும் ஏறக்குறைய மேல ஏறும். 5 டிகிரியில 80ன்னா, 38 டிகிரி ஆகஸ்ட் மதியத்துல 113. அதே ப்ளேன், அதே இன்ஜின், அதே லட்டு சாப்பிட்ட மனுசன். இந்தக் கழித்தல் கணக்குக்கு இன்ஜினியரிங் டிகிரி வேணுமா? வெளிச்சூடு என்ன, வேகம் என்ன, எவ்வளவு பவர்ல ஏறினேன்னு சொல்லாம வெறும் "80"ன்னு சொல்றவரோட பேச்சை, தேதி போடாத செக் மாதிரி மடிச்சுப் பையில வச்சுக்குங்க. பேங்க்ல போடாதீங்க.

அப்ப என்னதான் பண்ணணும்ங்கறே? அளக்கணும். வெட்டறதுக்கு முன்னாடி அளக்கணும். அதுக்கு ஆகற செலவு ஒரு சாப்பாட்டுக் காசு கூட இல்லை.

அண்ணாச்சி ப்ளேன்ல என்ன நடந்ததுன்னு சொல்றேன். கோடையில சோதனைப் பறப்பு ஆரம்பிச்சார். இந்த மாதிரி இன்ஜினுக்கு வழக்கமா 40 மணி நேரம் தனியாளாப் பறந்து சோதிக்கணும். அதனால நான் தரையிலதான், நோட்டும் பேனாவுமா. வெளிய 36 டிகிரி. 1500 அடி ஏறறதுக்குள்ள கூலன்ட் 108, ஆயில் அதுக்கும் மேல. அண்ணாச்சி மூக்கை இறக்கி, பவரைக் குறைச்சு, ஒரு சுத்து சுத்தி வந்து இறங்கிட்டார். நல்லவேளை, ஓடுதளம் கண்ணுல படற தூரத்துலயே இருந்தார். அந்த வாரம் பூரா ஹேங்கர்ல ஒரே ஆலோசனைக் கூட்டம். பெரிய ரேடியேட்டர்னு மூணு பேர், பெரிய வாசல்னு ரெண்டு பேர், "நான் அப்பவே சொன்னேன், ரோட்டரி வேண்டாம்னு"ன்னு ஒரு புண்ணியவான். ஒரு கடைக்காரர் ஒண்ணரை மடங்கு பெரிய ரேடியேட்டரோட விலையையே அனுப்பிட்டார்.

அண்ணாச்சி எல்லாத்தையும் கேட்டுட்டு என்கிட்ட மெதுவாச் சொன்னார். "ஏன் தம்பி, உள்ள போறதைப் பத்தியே எல்லாரும் பேசுறானுவளே, வெளிய போறதுக்கு வழியிருக்கான்னு ஒருத்தனும் பாக்கலியே?"

"பாத்துருவோம் அண்ணாச்சி"ன்னேன்.

வேலை இவ்வளவுதான். கண்ணாடி மாதிரி தெரியற ப்ளாஸ்டிக் ட்யூபை 'ப' வடிவத்துல ஒரு பலகையில ஒட்டி, பாதிக்குச் சாயத்தண்ணி. பக்கத்துல ஸ்கேல். ஒரு காலை ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கற காத்தறைக்கு, இன்னொண்ணை வெளிக்காத்து அழுத்தத்துக்குன்னு தனியாப் போட்ட ஒரு துளைக்கு. ப்ளேனோட வேகமானிக்குப் போற குழாயைத் தொடவே கூடாது, தண்ணி ஏறிட்டா வேற வினை. ட்யூபோட ரெண்டு காலும் இடமும் வலமுமா பக்கத்துல பக்கத்துல இருக்கணும். முன்னயும் பின்னயுமா வச்சா மூக்கைத் தூக்கும்போது அளவு பொய் சொல்லும். ஏறும்போது பைலட் ட்யூபை வேடிக்கை பாக்கக் கூடாது, அவருக்கு வேற ஜோலி இருக்கு. பழைய செல்ஃபோனை எதிர்ல ஒட்டி வீடியோ ஓட விட்டோம். அடுத்த பறப்புல அதே ட்யூபை ரேடியேட்டருக்குப் பின்பக்கம் மாத்தினோம். கூடவே ரேடியேட்டருக்குப் பின்னாடி ஒரு தெர்மோமீட்டர். ஏறினது ஒவ்வொரு தடவையும் காலை ஏழு மணிக்கு, கொஞ்சூண்டு, சூடு எல்லையைத் தொடறதுக்கு முன்னாடியே இறங்கிடணும்ங்கற ஒப்பந்தத்தோட. எண்ணுங்களை 36 டிகிரிக்கு மாத்தி எழுதறேன்.

90 நாட்ல மொத்த முதல் 12. ரேடியேட்டருக்கு முன்னாடி 10. ஆக வாசல் அருமையா வேலை செய்யுது, நூத்துக்கு எம்பது மார்க்குக்கு மேல. ரேடியேட்டருக்குப் பின்னாடி எவ்வளவு தெரியுமா? 7! அதாவது ரேடியேட்டருக்குக் கிடைச்சது வெறும் 3 சென்டிமீட்டர். மீதி 7ம் மூக்கு மூடிக்குள்ள அடைஞ்சு நிக்குது, வெளிய போக வழியில்லாம. பின்னாடி வர்ற காத்தோட சூடு 96. தண்ணி 108, அதைத் தொட்டுட்டு வர்ற காத்து 96ன்னா, ரேடியேட்டர் தன் கடமையை ஒழுங்காச் செய்யுதுன்னு அர்த்தம். காத்துதான் பத்தலை. (தாராளமா காத்து ஓடி, அது தண்ணியைவிட ரொம்பக் குளிர்ந்து வெளிய வந்தா, அப்ப சொல்லுங்க ரேடியேட்டர் சின்னதுன்னு. நானே கடைக்கு வர்றேன்.)

இப்ப அந்த ஆலோசனைக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. பெரிய ரேடியேட்டர் போட்டிருந்தா? ஏற்கனவே தன் வேலையைச் செய்யற பெட்டிக்குப் பதிலா இன்னொரு பெட்டி. வாசலைப் பெருசா வெட்டியிருந்தா? அடைஞ்சு நிக்கற காத்து இன்னும் அடையும். 10 பத்தரை ஆகும், 7 ஏழரை ஆகும். அந்த மூக்கு மூடியைத் திரும்ப ஒட்ட அண்ணாச்சிக்கு ரெண்டு மாசம்.

அடைப்புக்குக் காரணம் தேடினா ரெண்டு கிடைச்சது. கீழ காத்து வெளியேறற வழியில பாதியை எக்ஸாஸ்ட் குழாயும் அதைத் தாங்கற பட்டையும் பிடிச்சுக்கிட்டிருந்தது. ரெண்டாவது, ரேடியேட்டரைச் சுத்தி இடைவெளி. "சும்மா அஞ்சு மில்லிமீட்டர்தானே"ன்னு யாரும் கண்டுக்காத இடைவெளி. 40க்கு 30 சென்டிமீட்டர் ரேடியேட்டரோட சுத்தளவு 140 சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டரால பெருக்குங்க, 70 சதுர சென்டிமீட்டர். அந்தப் பக்கத்து வாசலே 240தான்! அதுவும் ரேடியேட்டருக்குள்ள போற காத்து தட்டுத்தடுமாறிப் போகும், இடைவெளியில போறது தடுப்பே இல்லாம பாயும். குளிரவும் வைக்காது, போய் மூக்குக்குள்ள நெரிசலையும் கூட்டும். டிக்கெட் எடுக்காம ஏறி, படிக்கட்டையும் அடைச்சுக்கிட்டு நிக்கற ஆளுங்க.

சிலிக்கான் ரப்பர் பட்டையால சுத்தி அடைச்சோம். எக்ஸாஸ்ட் குழாயைத் தள்ளி வச்சு, வெளிவாசலைப் பெருசாக்கி, அதோட முன்விளிம்புல காத்தைக் கீழ திருப்பி விடற மாதிரி ஒரு சின்ன அலுமினிய உதடு வச்சோம். ரெண்டு சனிக்கிழமை. திரும்ப ட்யூப். முன்னாடி அதே 10, பின்னாடி 2. ரேடியேட்டருக்கு 3 கிடைச்ச இடத்துல இப்ப 8. கூலன்ட் ஏறும்போது 92க்கு மேல போகலை. அதே ரேடியேட்டர். "பத்தாது, பத்தாது"ன்னு ஏழு பேர் கையெழுத்துப் போட்ட அதே ரேடியேட்டர்.

இன்னொரு சங்கதியையும் சொல்லிடறேன், இது உயிர் சமாசாரம். எல்லாரும் வெப்பமானியையே பார்த்துக்கிட்டுப் பறக்கறாங்க. தண்ணி ஒழுகிக் காலியாயிட்டா, அந்த சென்சார் தண்ணிக்குள்ள இல்லாம வெறும் ஆவியில தொங்கும். சூடு குறையற மாதிரி காட்டும்! "அட, குளிருதே"ன்னு சந்தோஷப்படறதுக்குள்ள கூடு கோணியிருக்கும். அதனால கூலன்ட் அழுத்தத்துக்குன்னு தனியா ஒரு மானி வைங்க. அழுத்தம் சட்டுனு விழுந்தா அதுதான் முதல் அபாய மணி, வெப்பமானிக்கு ரொம்ப முன்னாடியே. மூடியோட அழுத்தத்தையும் லேசா எடுத்துக்காதீங்க. பத்தாயிரம் அடியில திறந்த பாத்திரத்துல தண்ணி 90 டிகிரியிலயே கொதிக்கும். 13 பவுண்டு மூடி நல்லா இருந்தா 110 தாண்டும் வரைக்கும் தாங்கும். ரப்பர் காய்ஞ்சு போன பழைய மூடியோட பறக்கறவங்களைப் பார்த்தா என்ன சொல்றதுன்னே தெரியலை. பல லட்ச ரூபா ப்ளேனு, நூறு ரூபா மூடி.

ரோட்டரி வேண்டாம்னு சொன்ன புண்ணியவானுக்கும் ஒரு வார்த்தை. ஏரோப்ளேனுக்குன்னே செஞ்ச காத்துல குளிர்ற இன்ஜின்லயும் சிலிண்டரைச் சுத்தித் தகடு வச்சு, ரப்பர் வச்சு அடைச்சாத்தான் வேலை செய்யும். அந்த ரப்பர் மடங்கினா அங்கயும் சூடேறும். அதுக்கு யாரும் "அந்த இன்ஜின்னாலே சூடாகும்பா"ன்னு சொல்றதில்லை, ரப்பரை மாத்தறாங்க. நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணினோம்?

பாக்கி ஒண்ணு இருக்கு. ஆயில் இன்னும் 104ல நிக்குது. அண்ணாச்சி தனக்கு வச்சுக்கிட்ட எல்லை 99. ஆயில் கூலருக்குப் போற குழாய் மூக்கு மூடியோட அடிப்பக்கத்தை ஒட்டியே திறக்குது. அந்தச் சோம்பேறிக் காத்து மேலதான் எனக்கு சந்தேகம். சனிக்கிழமை ட்யூபை அங்க மாத்தறோம். அதுக்குள்ள, பெரிய ஆயில் கூலர் வாங்கச் சொல்லி ரெண்டு பேர் ஃபோன் பண்ணிட்டாங்க :-)